பாஸ்கல் கிளியர் செய்த ஸ்பிண்டில்

ராயபுரம் பாஸ்கலுக்கு ஒரு பெருமை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம், பில்லில் இருக்கும் பெயரைப் படித்தாலே போதும், உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடுவான். கிளியரிங் ஏஜென்சியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவன். பால்பேரிங், பொம்மைக் கண், பல் டாக்டர் நாற்காலி என்று அவன் கஸ்டம்ஸில் எடுத்துக் கொடுக்காத சாமான் இல்லை.

அதனால் 2008-ல் ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்த ஒரு சின்னப் பெட்டியின் பில்லில் ‘ஸ்பிண்டில்’ என்று பார்த்ததும் அவன் யோசிக்கவே இல்லை. ஸ்பிண்டில் என்றால் நூற்பாலைக் கதிர். பக்கத்திலேயே ‘மோட்டார்’ என்றும் போட்டிருந்தது. ஜவுளி இயந்திர உதிரிபாகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மீனம்பாக்கம் கார்கோவில் கஸ்டம்ஸ் அதிகாரியம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். தெர்மோகோல் பெட்டி. ஓரத்தில் வெள்ளைப் புகை கசிந்தது.

“இது எந்த மில்லுக்கு, பாஸ்கல்? இரும்புச் சாமானுக்கு எதுக்கு டிரை ஐஸ்?”

பாஸ்கல் வெளியே வந்து, பெட்டியை வரவழைத்த டாக்டர் ரூபினாவுக்குப் போன் போட்டான்.

“மேடம், உங்க மில்லு எங்க கீது?”

“மில்லா? இது ஆராய்ச்சிக்கூடம். நாங்க முட்டையில வேலை செய்றோம்.”

“கோழிப் பண்ணையா மேடம்?”

“கோழி இல்ல, எலி முட்டை.”

படித்தவர்களை எதிர்த்துப் பேசிப் பாஸ்கலுக்குப் பழக்கமில்லை. “தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எலி குட்டிதான் போடும்.”

ரூபினா வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பொறுமை போய்விட்டால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். “அண்ணே, குட்டி ஆவறதுக்கு முன்னாடி உள்ள முட்டைதாண்ணே கீது. எலிக்கும் கீது, எனக்கும் கீது, உங்க வூட்டம்மாவுக்கும் கீது. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத சைஸு.”

“அதுல எதுக்கு மேடம் ஸ்பிண்டிலு?”

“முட்டை செல் பிரியறப்ப உள்ள இருக்கற குரோமோசோமைச் சரியாப் பங்கு போடணும். அதுக்கு நூல்நூலா ஒரு அமைப்பு உண்டாவும். நடுவுல பருத்து, ரெண்டு முனையும் குவிஞ்சு, பார்க்கக் கதிர் மாதிரி இருக்கும். அதான் ஸ்பிண்டில். உடம்புல மத்த செல்லுல ரெண்டு முனையிலயும் நூலைப் புடிச்சிக்கறதுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. முட்டையில அது கிடையாது. சில புரோட்டீனுங்களே கூடி நூலை உண்டாக்கி, கத்தை கட்டி, முனையைக் குவிச்சு நிறுத்துது. அதுல ரெண்டு வகைதான் உங்க பெட்டியில கீது.”

“அப்ப மோட்டாரு? எத்தினி ஹெச்பி?”

“நூல் மேல நடந்து போற புரோட்டீனுக்குப் பேரு மோட்டாருண்ணே. ஐஸ் தீர்ந்துச்சுன்னா எல்லாம் கெட்டுப்பூடும். சீக்கிரம் எடுங்க.”

பாஸ்கல் உள்ளே போய், இரண்டு கை விரல்களையும் குவித்துக் காட்டி, தெரிந்தவரை அதிகாரியம்மாவுக்குச் சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “முதல்ல இதைத் திருத்தி எழுதிக் கொண்டாங்க” என்றார்.

திருத்தி, கையெழுத்து வாங்கி, பெட்டியோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. கேட் பூட்டியிருந்தது. ரூபினா பெங்களூர் போயிருந்தார், ஞாயிறு காலைதான் வருவார். புகை கசிவது குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் பாஸ்கலுக்கு மச்சான் தாமஸ் ஞாபகம் வந்தது. மனைவி ஃப்ளோரன்ஸின் தம்பி, எர்ணாவூரில் ஒரு இறால் கம்பெனியில் ஃப்ரீசர் பார்த்துக்கொள்பவன். அங்கே இறால் கல்லாக உறையும் குளிர். போனில் கேட்டதற்கு ரூபினாவும், “ஒரு நாளைக்குத் தாங்கும், வைங்கண்ணே” என்றார். பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்து பாஸ்கல் நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்த்தால் மூலை காலி.

“மாமா, கோச்சிக்காதீங்க” என்றான் தாமஸ். “பசங்க ஒரே மாதிரி பொட்டின்னு லோடுல ஏத்திட்டானுங்க. வண்டி ஹார்பருக்குப் போய்கினு கீது. அங்க கன்டெய்னர்ல போட்டு சீல் வெச்சிட்டா அப்பறம் ஜப்பான்தான்.”

பாஸ்கல் பைக்கை முறுக்கினான். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல டிரைலர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடலோரமாக நின்றிருந்தன. அந்த வரிசையைத் திட்டாத ஆள் வடசென்னையில் கிடையாது. பாஸ்கலே தினமும் திட்டுவான். அன்று மட்டும் ஒவ்வொரு லாரியாகத் தாண்டும்போது, இது நகரவே கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டான். திருவொற்றியூர் தாண்டி அந்த ஃப்ரீசர் வண்டி நின்றது. டிரைவர் டில்லிபாபு சாலையோரத்தில் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“கதவைத் தொறந்தா சில்லு போய்டும் நைனா. இன்னா கீது உள்ள?”

“எலி முட்டைக்கு மோட்டாரு.”

டில்லிபாபு அவனை ஏற இறங்கப் பார்த்தான். வெயிலில் வந்த மனுஷன் பாவம் என்று நினைத்தானோ என்னவோ, பேசாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ரூபினா பெட்டியைப் பிரித்து, சின்னக் குழாய்களைத் தொட்டுப் பார்த்து, “கல்லு மாதிரி கீது” என்று மூச்சு விட்டார். அவனை உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஒரு வீடியோவைக் கம்ப்யூட்டரில் காட்டினார். கறுப்பில் பச்சை நூல்கள். முதலில் தலைமுடிச் சிக்கல் மாதிரி இருந்தவை, மெல்ல மெல்ல ஒழுங்காகி நீண்டு இரண்டு பக்கமும் குவிந்தன. நடுவில் குரோமோசோம்கள் வரிசை கட்டி நின்றன.

“இது சரியா அமையலன்னா?” என்று கேட்டான் பாஸ்கல்.

“பங்கு தப்பிடும். ஒண்ணு கூடவோ குறையவோ போயிடும். அப்படி உண்டாவற கரு பெரும்பாலும் தங்காதுண்ணே, தானா கலைஞ்சிடும். யாரு என்ன செஞ்சாலும் நிக்காது.”

கிளம்புவதற்கு முன் பாஸ்கல் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் கேட்டான். வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரன்ஸ், “இன்னா, மேலெல்லாம் இறால் நாத்தம்?” என்றாள். அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். எலிக்கும் டில்லிபாபுவுக்கும் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடைசியில் ரூபினா சொன்னதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. அவளுக்கு இரண்டு தடவை கலைந்திருந்தது. மாடிப்படி ஏறித் துணி காயப்போட்டதால்தான் என்று பாஸ்கலின் அம்மா அப்போதிலிருந்து சொல்லிவந்தாள். ஃப்ளோரன்ஸும் அதை நம்பிவிட்டிருந்தாள்.

“அப்ப நம்ம ரெண்டும் அப்டித்தான் போச்சா?”

“தெரியல. இருக்கலாம். மாடி ஏறுனா கலையுமான்னு மேடத்தைத் தனியாவே கேட்டுட்டேன். அதெல்லாம் இல்லன்னுட்டாங்க.”

ஃப்ளோரன்ஸ் அடுப்பை அணைத்தாள். பிறகு, “இத உங்க அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன்” என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவே, விரல்களைக் குவித்துக் காட்டி, பாஸ்கல் அம்மாவுக்கு ஸ்பிண்டில் பாடம் நடத்தினான். அம்மா மீன் முள்ளை எடுத்தபடியே முழுக்கக் கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கடைசியில், “அந்த டாக்டரம்மா நம்ம வண்ணாரப்பேட்டை பொண்ணா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பெரிய வஞ்சிரத் துண்டை எடுத்து மருமகள் தட்டில் வைத்தாள். மாடிப்படிப் பேச்சு அதோடு நின்றுபோனது.