நீல மையில் வெட்டித் திருத்திய புத்தகம்

மூன்று வருடங்களுக்கு முன் ஆனி மாதக் கடைசியில், வெள்ளவத்தைக் காலி வீதியில் இருக்கும் ஒரு புத்தகக் கடையில் தொடங்கிய கதை இது. கதிர்காமத்துக்கு நடந்து போவதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கத்தான் அங்கே போனேன். நடக்கப் போவது நானில்லை, என் கணவர். முந்திய வருடம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து சத்திரசிகிச்சை நடந்தது. வலியில் துடித்த நேரத்தில், சுகமானால் உகந்தையிலிருந்து காட்டுவழியே நடந்து வருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துவிட்டார். சுகமும் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் குறையக் கூடாது, ஒரு நாளும் குறையக் கூடாது.

உகந்தை கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுக்குள்ளால் ஐந்தாறு நாள் நடை. திருவிழாவுக்கு முன் சில நாட்கள்தான் அந்தப் பாதையைத் திறந்து விடுவார்கள். உள்ளே போனால் கைத்தொலைபேசி வேலை செய்யாது. பெரும்பாலானவர்கள் வேல் தாங்கிப் போகும் பெருங்கூட்டத்தின் பின்னால்தான் போவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பேரும் இறங்கிக் கலக்கிய தண்ணீரைக் குடித்து இந்த மனிதருக்கு வயிற்றோட்டம் வந்தால் காட்டுக்குள் யார் பார்ப்பது? ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்கள் கூட வருவதாக இருந்தார்கள். மூன்று பேரும் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் புறப்படுங்கள், வழி காட்டத்தான் புத்தகம் இருக்கிறதே என்று சொன்னது நான்தான். சொன்னதோடு நிற்காமல், அவர் ஓம் என்று சொல்லும்வரை விடவுமில்லை.

புத்தகக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பளபளப்பான தாளில், வர்ணப் படங்களோடு, மழைக்கு நனையாத அட்டையோடு இருந்தது. முதல் பதின்மூன்று பக்கமும் ஆசிச் செய்தி, வாழ்த்துரை, அணிந்துரை. ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ஒரு வரிக்கு மேல் ஓடின. பொன்னாடையோடு படமும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்?

மற்றது பழுப்புத் தாளில், நடுவில் கம்பிப் பின் அடித்த மெல்லிய புத்தகம். ஒருவருடைய ஆசியும் இல்லை. அதை விட மோசம், பக்கத்துக்குப் பக்கம் யாரோ நீல மையால் வெட்டி வெட்டி எழுதியிருந்தார்கள். இன்னொரு பிரதியைக் கேட்டேன். அதிலும் அதே வெட்டு, அதே கை. எல்லாவற்றிலும் அப்படித்தான் என்றார் கடைக்காரர்.

நான் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பகுதியில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி விற்பனைப் பத்திரங்களான உறுதிகளைத் தட்டச்சு செய்கிறவள். இருபத்திரண்டு வருட வேலை. எங்கள் தொழிலில் ஒரு சொல்லை வெட்டினாலும், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் வெட்டினோம் என்று உறுதியின் கடைசியில் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டு விழுந்த உறுதியைக் கையில் எடுத்தாலே வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சுத்தமான பக்கம்தான் உண்மையான பக்கம் என்பது என் இரத்தத்தில் ஊறியிருந்தது.

"மிஸ், நடக்கிற ஆக்களுக்கு இந்தச் சின்னதுதான் நல்லம்," என்றார் கடைக்காரர். விற்காமல் கிடப்பதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பெரியதை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தேன். எதற்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது கந்தோர்ப் பழக்கம். அதிலுள்ளபடி எந்த நாள் எந்த இடம் என்று ஒரு அட்டவணையும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை உகந்தையிலிருந்து என் கணவர் தொலைபேசியில் எடுத்தார். காட்டுக்குள் இறங்குகிறோம், இனி கதிர்காமத்தில்தான் கதைக்கலாம் என்றார். "தண்ணி குடிக்க மறக்காதேங்கோ," என்றேன். "புத்தகத்தில கிணறெல்லாம் போட்டிருக்குத்தானே, நீர் பயப்படாதேயும்," என்றார்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. அந்தப் புத்தகக் கடைக்குள் ஒதுங்கினேன். சும்மா நிற்காமல் அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கும்புக்கன் ஆற்றைத் தாண்டிய பிறகு வரும் பகுதியில் கண் நின்றது. 'பெரிய பாலை மரத்தடியில் கிணறு. வருடம் முழுவதும் வற்றாத நல்ல தண்ணீர்' என்று அச்சில் இருந்தது. அதன் குறுக்கே நீலக் கோடு. மேலே கையெழுத்தில்: 'இல்லை. தூர்ந்துவிட்டது. ஆற்றிலேயே எல்லாப் போத்தலையும் நிரப்பவும். அடுத்த தண்ணீர் ஒரு பகல் நடை.'

கைத்தொலைபேசியைத் திறந்து நான் எடுத்த படங்களைப் பார்த்தேன். பளபளப்பான புத்தகத்தில் அதே பாலை மரம், அதே கிணறு, சொல்லுக்குச் சொல் அதே வரி. வெட்டு மட்டும் இல்லை. பட்டம் பெற்ற பெரியவர் அந்த வழியால் ஒரு தடவையேனும் நடந்தாரோ தெரியாது. இந்தப் பின் அடித்த புத்தகத்தின் பழைய அச்சைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. கடைக்காரர் அப்போதுதான் சொன்னார், சின்னதை எழுதியவர் ஒவ்வொரு வருடமும் நடந்துவிட்டு வந்து, விற்காமல் இருக்கிற பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திக் கொண்டுவந்து தருவாராம்.

என் அட்டவணைப்படி ஞாயிறு ஆற்றடிக்கு வருவார்கள், திங்கள் அங்கே ஓய்வு, செவ்வாய் அந்தக் கிணறு. புத்தகம் சொன்னபடியே நடக்கிற மனிதர் அவர். கிணறு இருக்கிறது என்று எழுதியிருந்தால், பாரத்தைக் குறைக்க ஒரு போத்தலோடுதான் ஆற்றடியை விட்டுக் கிளம்புவார். அவருடைய இலக்கத்தை அடித்து அடித்துப் பார்த்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் பின் அட்டையில் நீல மையால் எழுதியிருந்த இலக்கத்தை அடித்தேன். எடுத்தது எழுதியவரின் மனைவி. அவரும் காட்டுக்குள் போய் இரண்டு நாளாகிறது என்றார். நான் அழுதுவிட்டேன். முகம் தெரியாத அந்தப் பெண் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு, "காலையில இங்க வாங்க. கேட்டுப் பாக்கலாம்," என்றார்.

செவ்வாய் காலை லீவு சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு குறுகிய ஒழுங்கையின் முடிவில் மின்விசிறி திருத்தும் கடை, அதற்கு மேல் வீடு. கடை பூட்டியிருந்தது. என் வயதுதான் அந்த அம்மாவுக்கும் இருக்கும். தேத்தண்ணீர் தந்துவிட்டு ஒரு பழைய கொப்பியை எடுத்தார். காட்டு வாசலில் இருக்கும் அலுவலகத்தின் இலக்கம் அதில் இருந்தது. அதற்கு அடித்துச் சிங்களத்தில் சரளமாகக் கதைத்து, மூன்று ஆண்கள், ஒருவருக்குக் கண்ணாடி, நீலத் தொப்பி என்று அடையாளம் சொன்னார். ஆற்றடிக் காவலில் வயர்லெஸில் கேட்டுச் சொல்வதாக அந்த உத்தியோகத்தர் சொன்னார்.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். அந்த அரை மணித்தியாலத்தில்தான் நீல மையின் கை யாருடையது என்று தெரிந்தது. "அவரு சொல்லுவாரு, நான் எழுதுவேன். அவரு எழுத்து அவருக்கே வெளங்காது," என்றார் அந்த அம்மா. ஏன் புதிதாக அச்சடிக்கவில்லை என்று கேட்டேன். "அடிச்சா அடுத்த வருஷம் அதுவும் பிழையாப் போயிடுமே," என்றார்.

தொலைபேசி அடித்தது. அம்மா கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தார். கண்ணாடிக்காரரும் மற்ற இருவரும் ஆற்றடியில் ஓய்வெடுக்கவில்லையாம். பின்னால் வரும் கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று திங்கள் விடியவே கிளம்பிவிட்டார்களாம். "நோனா, பய வென்ன எப்பா," பயப்பட வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்வது எனக்கும் கேட்டது. பின்னால் போகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார்.

அப்படியானால் நான் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதே அவர்கள் அந்தக் கிணற்றைத் தாண்டிவிட்டார்கள். நடக்க வேண்டியது எதுவோ அது நடந்து முடிந்துவிட்டது. எனக்குத்தான் என்னவென்று தெரியாது. அதுவரை ஏதாவது செய்யலாம் என்று ஒரு பதற்றம் இருந்தது. இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த அம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் பிசைந்துகொண்டே இருந்தோம். "நானும் வருஷா வருஷம் இப்புடித்தான். அவரு வந்து சேர்ற வரைக்கும் சாப்பாடு எறங்காது," என்றார். திருத்தி எழுதத் தெரிந்தவருக்கும் பயம் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, இன்னும் பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை கந்தோருக்குப் போனேன். ஒரு உறுதியில் காணியின் வடக்கு எல்லையையும் தெற்கு எல்லையையும் மாற்றி அடித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி அடித்ததில்லை. இரவு முழுக்க ஒரே நினைப்புத்தான். கூட்டத்தோடு போகிறேன் என்ற மனிதரை நான்தான் மறித்தேன். கடைக்காரர் சொல்லியும் கேட்காமல் நான்தான் அந்தப் புத்தகத்தைத் தெரிந்தெடுத்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்குத் தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது. குரல் கரகரத்திருந்தது, ஆனால் அவருடைய குரல். கதிர்காமம் வந்து சேர்ந்துவிட்டோம் என்றார். "கிணறு..." என்றேன் நான்.

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

பிறகு மெல்லமெல்லச் சொன்னார். மத்தியானம் அந்தப் பாலை மரத்தடிக்குப் போனபோது மண் மூடிய ஒரு பள்ளம்தான் இருந்ததாம். மூவரிடமும் சேர்த்து அரைப் போத்தல் தண்ணீர். இடம் பிழையோ என்று சுற்றித் தேடியதில் அதுவும் முடிந்தது. பின்னேரம் இவருக்கு விலாவில் பழைய இடத்தில் வலி தொடங்கி, நடக்க முடியாமல் மரத்தடியில் படுத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் அரோகராச் சத்தம் கேட்டது. நான் யாரை விட்டு விலகிப் போகச் சொன்னேனோ அந்தக் கூட்டம். மலையகத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் வைத்திருந்தார்கள். யார், எவர் என்று ஒரு கேள்வி இல்லை. "குடிங்க சாமி," என்று ஊற்றிக்கொடுத்து, இவருடைய பையையும் தாங்களே வாங்கிச் சுமந்து, கடைசிவரை கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"குடிக்க வேண்டாம் எண்டு நீர் சொன்ன கலங்கல் தண்ணிதான்," என்றார். "அதைப்போல ஒரு தண்ணி நான் குடிச்சதில்லை." மற்றவர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கந்தோரிலேயே வாய்விட்டு அழுதேன்.

சின்னப் புத்தகம் எழுதிய கொட்டாஞ்சேனைக்காரர் சனிக்கிழமை பத்திரமாக வீடு வந்தார். அந்த அம்மா எனக்குத்தான் முதலில் அறிவித்தார். அந்த வருடத்திலிருந்து, பாதை திறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர் மின்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல, நாங்கள் இருவரும் பிரதிகளில் எழுதுவோம். என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு வெட்டின் பக்கத்திலும், உறுதியில் செய்வதுபோல, வருடத்தையும் என் சிறு கையொப்பத்தையும் போடுகிறேன். பாலை மரத்தடிக் கிணற்றின் வரிக்கு வரும்போது மட்டும் கோட்டை இரண்டு தடவை இழுக்கிறேன்.

வெட்டே இல்லாத சுத்தமான பக்கத்தைக் கண்டால் முன்பெல்லாம் எனக்கு நம்பிக்கை வரும். இப்போது, அந்த வழியால் போய்வந்து பிழையைச் சொல்ல ஒருவருமே இல்லையோ என்று பயம்தான் வருகிறது.