தறி நின்றபோது கேட்ட மூச்சு

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாமாதம் பராமரிப்புக்காக நிறுத்துவதுதான். சோமனூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். எட்டு விசைத்தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. அப்போதுதான் ஈரமாக, இழுத்து இழுத்து ஒரு சத்தம் கேட்டது. எங்கோ மோட்டார் சுற்றி அடங்குகிறது என்று நினைத்தேன். அது மகளின் அறையிலிருந்து வந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க! புள்ள மூச்சு உடறதப் பாருங்க!" என்று மனைவி கத்தினாள்.

எத்தனை நாளாக அப்படி மூச்சு விட்டாளோ, தறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பத்து நாட்களுக்கு முன் தொண்டை வலிக்கிறது என்றாள். பிளஸ் டூ படிக்கிறவள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையின் இரு பக்கமும் வீங்கி, வெள்ளை படிந்திருந்தது. போன வருஷமும் இப்படித்தான் வந்தது. டாக்டர் எழுதித் தந்த அமாக்சிசிலின் மூன்றே நாளில் குணமாக்கியது. அந்தச் சீட்டை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அதையே காட்டி மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். இந்த முறை காய்ச்சல் விடவில்லை. சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள்.

"பரீட்சை வந்தாப் போதும், அம்மணிக்குத் தூக்கமும் வந்துரும்" என்றேன்.

"அப்ப நீங்களே போய் எழுதுங்கப்பா" என்றாள், வாயில் சோற்றுருண்டை வைத்துப் பேசுவதுபோல. நான் சிரித்தேன்.

ஏழாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. மனைவி அம்மை என்றாள். வாசலில் வேப்பிலை செருகினாள். இனி மருந்து கூடாது, ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்றாள். பி.காம். படித்த நான் நம்பவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அவளுக்குத் தெரியாமல் மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போன அன்று அந்த மூச்சைக் கேட்டபின் மனைவியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரி வரை மகள் காரில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் மூச்சு அடைத்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பினாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, வீக்கம் குறைய ஊசி போட்டு, ரத்தம் எடுத்தார்கள். மூச்சு நின்றால் கழுத்தில் துளை போடச் சம்மதம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேனாவை அழுத்திய இடத்தில் தாள் கிழிந்தது. கடைசிவரை துளை தேவைப்படவில்லை. ஆனாலும் இப்போதும் அவள் தூங்கினால், தறிகளை நிறுத்திவிட்டு வந்து காது கொடுக்கிறேன்.

வேறொரு ஆபரேஷனில் இருந்த டாக்டரம்மா அன்று மாலை நான்கு மணிக்குத்தான் வந்தார். தொண்டையைப் பார்த்தார். வீங்கிய இமைகளைப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கம் விரலை ஓட்டி நெறிகட்டியிருப்பதைத் தடவினார். இடது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தியபோது மகள் முகம் சுளித்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மோனோநியூக்ளியோசிஸுங்க. வைரஸ். மண்ணீரல் வீங்கியிருக்குது, அடிபட்டாக் கிழிஞ்சுபோயிரும். கொஞ்ச நாளைக்கு ஓட்டம், விளையாட்டு எதுவும் ஆகாது."

"அப்ப இந்தத் தடிப்பு? அம்மைங்களா?" என்றாள் மனைவி.

"இல்லீங்க அம்மணி. இந்த வைரஸ் இருக்கறப்ப அமாக்சிசிலின் சாப்பிட்டா இப்படித் தடிக்கும். ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"மூணு நாளா ஒரு மாத்திரையும் குடுக்கலீங்க."

டாக்டரம்மா என் சட்டைப்பையில் தெரிந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. கடைசியா எப்பக் குடுத்தீங்க?"