நாலு பேருக்கு ஆக்கிய சோறு

என் பெரியப்பா எழுபது வயதில் சிறையிலிருந்து விடுதலையாகி, ஜேடர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தார் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவரும் அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

சிறையில் பல வருடம் சமையல் வேலை பார்த்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நாம நாலு பேரும் சாப்பிடற மாதிரி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வையுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரரோடு சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பகீரென்றது. கொல்லையில் மூன்று கல் கூட்டி, விசேஷத்துக்கு எடுக்கும் அண்டாவில் சோறு கொதிக்கிறது. அரிசி மூட்டை காலி!

"கை அதும்பாட்டுக்கு அள்ளிப் போட்டுருச்சு சாமி" என்று கைகட்டி நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

அவ்வளவு சோற்றை என்ன செய்வது? வெட்கத்தை விட்டுத் தெருவில் நின்று, "பாத்திரம் எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தார்கள். பெரியப்பாதான் கரண்டி பிடித்தார். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போன எதிர்வீட்டு அக்கா, ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னொரு கரண்டி போடுங்க மாமா" என்றார்.

இப்போதெல்லாம் அரிசியை நானே அளந்து கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளப்பதில்லை.