திருவாதிரையை வெடிக்க வைப்பவர்

கோளரங்கத்தில் அவருக்கு வெடிகாரர் என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக, நாளைக்கு நான்கு காட்சி. ஒவ்வொன்றிலும் திருவாதிரை என்ற அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை வெடிக்க வைத்து விளக்கம் சொல்வது வேலை. நிஜத் திருவாதிரைக்கு இன்னும் ஒரு லட்சம் வருஷம்கூட ஆகலாம். இவர் கையில் சிக்கினால் பத்தே நிமிஷம்.

மூன்று மாதத்துக்கு முன் கண் மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, முதலில் போவது இருட்டில் பார்க்கும் சக்தி. இவர் பிழைப்போ இருட்டில்தான். மகளின் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கு மட்டும் தெரியும்.

பொத்தான்கள் விரலுக்கே அத்துப்படி. கூரையில் நட்சத்திரத்தைச் சுட்டும் ஒளியம்புதான் சிக்கல், அதைக் கையால் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்கும் ஒரு வழி பிடித்தார். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, மணிக்கட்டைக் காதோரம் கொண்டுவந்தால் அம்பு கச்சிதமாகத் திருவாதிரையில் போய் நிற்கும். டிக்கெட் பெண் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல அண்ணே, ஆங், அங்கதான்" என்று பழக்கிவிட்டாள். மூன்று மாதமாக ஒரு பிசகும் இல்லை.

இன்று மதியக் காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது. கடைசி வரிசையில் மேலாளர் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். "சும்மா பாக்கலாம்னு வந்தேன். நீங்க ஆரம்பிங்க."

விளக்கணைந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. யாரோ நாற்காலியை மாற்றியிருந்தார்கள். பழையதைவிட நாலு விரல் தாழ்வு.

"இதோ, இந்தச் சிவப்பு நட்சத்திரத்தப் பாருங்க."

"அங்கிள், அங்க ஒண்ணுமே இல்ல!"

கையை உயர்த்தினார்.

"ஐயோ, ரொம்பப் போயிட்டீங்க! அது வெள்ளை!"

"டேய், அங்கிள் பக்கத்து வீட்டு நட்சத்திரத்தக் கொளுத்தப் பாக்கறாருடா!"

அரங்கமே சிரித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று துழாவிப் பார்த்துவிட்டு அம்பை அணைத்தார். இனி மிச்சம் குரல்தான்.

"உள்ள எரியற சூடுதான் அதோட கனத்தத் தாங்கிப் பிடிச்சிருக்கு. ஒண்ணு தீர்ந்தா அடுத்தது எரியும். கடைசியா நடுவுல இரும்பு சேரும். இரும்பு சேர்ந்தா அடுப்புல கல்ல வெச்ச மாதிரி, அதுலேர்ந்து ஒரு சூடும் வராது. அப்புறம் ஒரு நொடிகூட ஆகாது. நடுப்பகுதி அப்படியே உள்ள இடிஞ்சு விழும். விழுந்த வேகத்துல எகிறி, மேல இருக்கறதெல்லாம் சிதறிப் போகும்."

பொத்தானை அழுத்தினார். கூரை முழுக்க வெள்ளை வெளிச்சம், மூன்று நொடி. பிள்ளைகள் கத்தினார்கள். அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் மேலாளர், கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, பொத்தான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் போன பிறகு மேலாளர் கேட்டார். "எத்தனை நாளா?"

"மூணு மாசம் மேடம். இன்னும் ஒன்றரை வருஷம் மட்டும் விட்டுடுங்க. பொண்ணு படிப்ப முடிச்சிடுவா. உங்க கால்ல வேணும்னாலும்..."

"இதெல்லாம் எதுக்கு? இருட்டுல தடுக்கி ஒரு கொழந்த மேல விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? நாளைக்கு டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க. இன்னிக்கு மூணு மணி ஷோ ரெக்கார்டிங்ல ஓடட்டும்."

டிக்கெட் பெண் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "நாற்காலிய நான் பாத்திருக்கணும் அண்ணே. மொதல்ல அண்ணிக்குச் சொல்லுங்க."

போனில் மனைவியின் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் அது நின்றது.

"அதான் ராத்திரி செவத்தத் தடவிக்கிட்டே போனீங்களா? நீங்க குடிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னு நான் மூணு மாசமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கேன்."

"குடிச்சிருந்தாத் தேவலாம்."

"பாப்பாவுக்கு இப்பச் சொல்லாதீங்க. பரீட்சை நடக்குது."

"அப்புறம் பீஸுக்கு..."

"தெரியும்."

மெஷின் திரும்ப ஓடவில்லை. போனை யாரும் வைக்கவும் இல்லை.