காலியாகப் போகாத லாரி

எழுபதுகளின் கடைசியில், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். விசிலெல்லாம் எனக்கு அலங்காரத்துக்குத்தான். நான் வாயைத் திறந்தாலே டிரைவர் பிரேக் போட்டுவிடுவார், குரல் அப்படி. வயிறும் குரலுக்குச் சளைத்ததில்லை. நான் படியில் நின்றால், இறங்க வேண்டியவர்கள் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

மலைப்பாதையின் பாதியில் ஒரு வளைவு, அதன் ஓரமாக ஓடை, ஓடைக்கு அப்பால் சில குடிசைகள். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும் என்பதால் தினமும் அங்கே வண்டி நிற்கும். டிரைவர் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றுவார், நான் எனக்கு ஊற்றிக்கொள்வேன். "ரெண்டும் ஒரே மாதிரிதான் பொகையுது" என்பார் அவர்.

ஒரு மாசி மாதம், சந்தை நாள். பட்டறையில் வெகுநாள் கிடந்த எங்கள் பஸ் அன்றுதான் மறுபடி மலையேறியது. வளைவில் ஒரு லாரி பாதையை மறித்துக் குறுக்கே நின்றது. பின்னுக்கு வந்து ஓடைச் சரிவில் லோடைக் கொட்டப் பார்க்கிறது; முடியவில்லை. லாரிக்குப் பின்னால் மலைப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்கள் கட்டி வைத்திருந்த கடுக்காய் மூட்டைகள்.

எந்தச் சண்டையாக இருந்தால் எனக்கென்ன? தாகம் எடுத்தது. சொம்போடு ஓடைக்கு இறங்கி, மொண்டு வாயருகே கொண்டுபோனேன். பின்னாலிருந்து கையில் ஒரு அடி. சொம்பு பாறையில் உருண்டது. திரும்பினால், சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண், ஓடி வந்த மூச்சிரைப்போடு.

"இன்னாம்மா இது? டிக்கெட் கேட்டாதான் அடிப்பாங்க, தண்ணி குடிச்சாகூடவா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "குடிக்காத. எங்க மாடு ரெண்டும் இதக் குடிச்சித்தான் வவுறு ஊதிச் செத்துச்சி."

அப்போதுதான் நாற்றம் உறைத்தது. தண்ணீர் டீ நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. சரிவில் ஒரு குவியல்: தோல் துண்டுகள், மயிர், சுண்ணாம்பு. அவள் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி என் முன் நீட்டினாள். நசுக்கிச் சாறு எடுத்த கடுக்காய்ச் சக்கை.

"பாரு. நாங்க பொறுக்கிக் குடுத்ததுதான். எங்களுக்கே திரும்பி வருது."

விஷயம் இதுதான். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலைக்காரர்கள் பொறுக்குவார்கள், காட்டைக் குத்தகை எடுத்தவரின் ஏஜென்ட் எடுத்துக்கொள்வார், லாரி கீழே கொண்டுபோகும். மேலே வரும்போது அந்த லாரி காலி. டீசல் வீணாகிறதே என்று லாரிக்காரருக்கு வயிற்றெரிச்சல். கீழேயோ தோல் கம்பெனிக்குக் கழிவைக் கொட்ட இடமில்லை. எங்கே கொட்டினாலும் ஊர்க்காரர்கள் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வக்கீல் ஏறி வராத இடம் மலைதான். ஆகவே ஏறும்போது கழிவு, இறங்கும்போது கடுக்காய். கணக்கு அவ்வளவு கச்சிதம்.

நாங்கள் மேலே ஏறி வந்தபோது, ஏஜென்ட் லாரிக் கதவைப் பிடித்துத் தொங்கியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த லோடு எறங்கலன்னா உங்க மூட்ட ஏறாது. அப்புறம் யாருக்கு விப்பீங்க? வெளிய வித்தா ஃபாரஸ்ட்டுக்காரன் புடிச்சிக்கினு போவான், தெரியுமில்ல?"

"கடுக்காய நீயே எடுத்துக்கோ. தண்ணிய வுட்டுடு" என்றாள் அவள், மறுபடி லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபடி.

"நான் இன்னா தண்ணியவா தூக்கிக்கினு போறேன்? அது இங்கதான ஓடுது!"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல்: "வழிய வுடுங்கம்மா, சந்த கலஞ்சிடப்போவுது."

வாய் சும்மா இருக்குமா எனக்கு? "ஏஜென்ட் சார், இத வேற எங்கயாவது கொட்டக் கூடாதாங்க?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொட்டலாமே. உன் வூடு எங்க? உன் வூட்டாண்ட கொட்டட்டா?"

வேண்டாம் என்று என் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் தலையைப் பார்த்தாள், பிறகு மூட்டைகளைப் பார்த்தாள். ஒரு பருவம் முழுக்கக் காட்டில் குனிந்து பொறுக்கியது. அதை விற்றால்தான் வீட்டுக்கு உப்பும் துணியும்.

முதலில் ஒருத்தி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக. அவள்தான் கடைசி. எழுந்தவள் நேராக என்னிடம் வந்து, இடுப்பில் தொங்கிய சுரைக்குடுக்கையை அவிழ்த்தாள்.

"அந்தாண்ட மலச் சொனைலேர்ந்து எடுத்தாந்தது. வூட்டுக்கு வெச்சிருந்தேன். குடி. கையேந்து."

குடித்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குடுக்கையை அடைத்துக்கொண்டு போய்த் தன் மூட்டையைத் தலைக்குத் தூக்கினாள்.

லாரி சரிவில் கொட்டியது. ஈரம் சொட்டச் சொட்ட அதே லாரியில் கடுக்காய் மூட்டைகள் ஏறின. பாதை திறந்தது. போகலாம் என்று கத்த வாய் திறந்தேன், குரல் வரவில்லை. அந்த வேலையில் சேர்ந்தபின் அன்றுதான் விசிலை எடுத்து ஊதினேன்.

அடுத்த கோடையில் அந்த வளைவில் ஏறவும் இறங்கவும் ஆளில்லை. குடிசைகளைப் பிரித்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்றார் டிரைவர். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்குக் காலையில் குப்பை வண்டி வருகிறது. "எங்கப்பா கொட்டுவீங்க?" என்று கேட்க வாயெடுப்பேன்; எங்கே கொட்டினாலும் என் வீட்டண்டை மட்டும் இல்லை என்பது நினைவுக்கு வந்து கேட்காமல் விடுவேன். அப்போதெல்லாம், அன்று மலையில் ஆடிய தலை இன்னும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும்.