மருமகளுக்கு நான் வைத்த மோதிரப் பரீட்சை

போன வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. ஓசூரில், காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆள் ஏற்றுகிற சாலைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மகனுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம்தான். மருமகள் தளிப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் பூ விவசாயம், பேசுவது கன்னடம். எங்களுக்குச் சொந்த ஊர் மத்தூர். எனக்குத் தமிழைத் தவிர எதுவும் உருப்படியாக வராது. அதனால் பாவம், அவள்தான் யோசித்து யோசித்து என்னிடம் தமிழில் பேசுவாள். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து இருவரும் தாங்களாகவே முடிவு செய்த கல்யாணம். அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பார்த்து முடித்த பெண் இல்லையே என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சீரியல் என்றால் உயிர். ஏழு மணி ஆகிவிட்டால் நம் வீட்டுக் குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும் என்று மகன் கிண்டல் செய்வான். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துவிடுவார். பார்ப்பதோடு நாங்கள் விடுவதில்லை. மறுநாள் வாசல் தெளிக்கும்போது, யார் நல்லவள், யார் கெட்டவள் என்று தீர்ப்பும் சொல்லி முடித்தால்தான் எங்களுக்குக் காபி இறங்கும். மருமகள் மட்டும் டிவி முன்னால் உட்காரவே மாட்டாள். விடிவதற்கு முன்பே முதல் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியவள், சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். அதையும் நாங்கள் 'அமுக்கம்' என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

ஒருநாள் சீரியலில் மாமியார் தன் வைரத் தோட்டை வேண்டுமென்றே குளியலறையில் 'மறந்து' வைத்துவிட்டு வந்தாள். மருமகள் அதை எடுத்து வந்து கொடுத்தாள். உடனே மாமியார் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அக்கா என் தொடையில் தட்டி, "நீயும் ஒருக்கா வெச்சுப் பாரேன். லவ் பண்ணி வந்தவ, இன்னா ஏதுன்னு நமக்குத் தெரியுமா?" என்றார்.

"சே, போக்கா" என்றேன். சொன்னேனே தவிர, அந்த நினைப்பு என்னை விடவில்லை.

மறுநாள் மதியம் அவள் வேலை முடிந்து வரும் நேரம். என் மோதிரத்தைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்ததும் யூனிஃபார்மைத் துவைக்கப் போடுவாள், கண்ணில் படாமல் இருக்காது. நான் கூடத்தில் பாயை விரித்துப் படுத்து, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். நடிப்பு எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் வந்தாள். மெஷின் ஓடியது. துணியைக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பூனைபோல எழுந்து போய்ப் பார்த்தேன். மோதிரம் இல்லை.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு படபடத்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடி, "அக்கா, கைவெச்சுட்டா" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மகன் வந்ததும் எப்படி ஆரம்பிப்பது, எங்கே அழுவது என்று வசனம்கூடத் தயாராகிவிட்டது.

சாயங்காலம் அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அத்தை, மோதரம் மெஷின் மேல இருந்துச்சு. ஆடற ஆட்டத்துல கீழ விழுந்துரும்னு எடுத்து சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்பல" என்றாள்.

"மறந்துட்டேன்மா" என்று வாய்க்குள் முனகினேன். அவள் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கம்பெனில வெளிய வரப்ப தினமும் பையைத் தொறந்து காட்டணும் அத்தை. உடம்பு மேல மெஷின் வெச்சுத் தடவுவாங்க. அது அவங்க ரூல்ஸ், பழகிப்போச்சு. வூட்லயும் செக்கிங் இருக்கும்னு நினைக்கல."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா..."

"நானும் அந்த சீரியல் பாப்பேன் அத்தை. காலைல பஸ்ல எல்லாப் பொண்ணுங்களும் போன்லதான் பாப்போம். அந்தத் தோடு சீன் வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. உங்க அத்தையும் இப்படிச் செய்வாங்களான்னு கேட்டாங்க. எங்க அத்தை அப்படி இல்லன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் எனக்கும் சேர்த்துக் காபி போட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா அசரவில்லை. "அப்ப ரொம்ப உஷாரான ஆளு. நீ ஜாக்கிரதையா இரு" என்றார். எடுத்தால் திருடி, எடுத்துக் கொடுத்தால் சூழ்ச்சிக்காரி. இந்தக் கண்ணாடியைத்தானே நானும் இத்தனை நாள் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தேன்! "போதும்க்கா, அவளப் பத்தி இனிமே பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகனிடம் அவள் சொல்லிவிடுவாள், வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று தினமும் காத்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை. அதுதான் என்னை அதிகமாகத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இந்தப் பாவியை மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது சீரியல் வசனமாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். சந்தேகப்படவும் ஒட்டுக்கேட்கவும் சாபம் விடவும் கற்றுக்கொண்டிருக்கிறேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. கடைசியில், "நான் பண்ணது தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"இர்லி பிடி அத்தே" என்றாள். பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம். என்னிடம் அவள் கன்னடத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

சீரியலை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. என் அம்மா வாரப் பத்திரிகையில் படித்த தொடர்கதைகளிலும் இதே மாமியார்தான் இருந்தாள். நம்மைப் பார்த்துத்தானே அவளை எழுதியிருப்பார்கள். அவளைப் பார்த்து மோதிரத்தைக் கழற்றி வைத்தது என் கைதான். இன்றைக்கும் மருமகள் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த பஸ்ஸில் என்னைப் பற்றிக் கேட்டால் இப்போது என்ன பதில் சொல்கிறாள் என்று அவளிடம் கேட்கிற தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.