கோணி ஊசியால் தைத்த தொடர்கதை

என் அக்காவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு தொடர்கதை இருக்கிறது. அட்டை கிடையாது. கோணி ஊசியும் சணலும் கொண்டு அரிசி மூட்டையைத் தைப்பதுபோல அவளே தைத்தது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. முடிவு மட்டும் அதில் இல்லை. 

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை; கடைக்குப் பின்னாலேயே வீடு. பொம்பளைப் பிள்ளைகள் வாரப் பத்திரிகை வாங்கினால் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தோலை உரித்துவிடுவார். ஆனால் பொட்டலம் மடிக்க அதே பத்திரிகைகளைப் பழைய காகிதமாக, எடை போட்டு வாங்கிவருவார். நல்ல நியாயம்! மூட்டை வந்து இறங்கியதும் நைனா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நானும் அக்காவும் கிளறுவோம். அத்தியாயங்கள் வரிசையாகவா வரும்? கதாநாயகியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன் யார் என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கிடைத்த பக்கங்களை அக்கா அங்கங்கே செருகித் தைத்துக்கொண்டே வந்தாள்.

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு ராஜா ராணிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கதையில் வந்தவளோ எங்களைப்போல ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண். புளியில் கொட்டை எடுத்தாள், அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நடுங்கினாள், மேலே படிக்க ஆசைப்பட்டாள். எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எவரோ எழுதியதாகவே நினைத்தோம். பெரியவர்கள் யாருக்கும் புரியாத எங்கள் பயம் ஊரறிய அச்சில் வந்திருந்தது. அதனால்தான் அந்தக் கதை மேல் அவ்வளவு பித்து. அவள் கோணல் வகிடு எடுத்தால் அக்காவும் எடுப்பாள். அவள் கோபத்தில் தட்டைத் தள்ளினால் அன்று எங்கள் வீட்டிலும் தட்டு நகரும். எனக்கு அதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அக்கா பள்ளி இறுதி முடித்த வருஷம் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மூத்த தாரத்தைப் பறிகொடுத்தவர், பெரிய கடை. அக்கா டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று அழுதாள். நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் மூட்டையில் கிடைத்த அத்தியாயத்தில் கதாநாயகிக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. குளத்தங்கரைக்குப் போகிறாள். செருப்பைப் படியில் விட்டுவிட்டு இறங்குகிறாள். ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. அக்கா அதைத் தைத்து முடித்துவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டொரு நாளில் நான் பள்ளிவிட்டு வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. “கோட்டைப் பக்கம் கோயிலுக்குப் போறேன்னு போனா, இன்னும் காணமே” என்றாள் அம்மா. பையை எறிந்துவிட்டு ஓடினேன். எங்கள் ஊரில் செட்டிக்குளத்துப் பக்கம்தான், போரில் மாண்ட ராஜாவோடு ராணி தீயில் இறங்கினாள் என்று கும்பிடுவார்கள். செத்த பெண்ணைக் கும்பிடுகிற ஊர் என்ற நினைப்பு அன்று அந்த வெயிலிலும் என் உடம்பைக் குளிர வைத்தது. குளத்துப் படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அக்காவுடையதேதான். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“இன்னாடி இங்க வந்து நிக்கிற?”

பின்னாலிருந்த மண்டபத்தில், தூணில் சாய்ந்தபடி அவள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டு, “ஏங்க்கா, ஏங்க்கா” என்று ஓவென்று அழுதேன். நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே, “எறங்கத்தான் எறங்கினேன்” என்றாள். “அவ செத்தாளா, பொழச்சாளான்னு தெரியலயே. அத்தத் தெரிஞ்சிக்காம எப்டிடி சாவறது?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நைனா முன்னால் வாயே திறக்காத அம்மா அன்று கடைக்குள்ளேயே போய் நின்றாள். “கல்யாணமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். எனக்கு எம்பொண்ணு உசுரோட வோணும்!” நைனா தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். நாள்கள் போயின; சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த காகித மூட்டை வந்தது.

அக்காவுக்கு முந்தி நான் பிரித்தேன். மேலாகவே இருந்தது, கடைசி அத்தியாயம். உப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். கதாநாயகி பிழைக்கவில்லை. ஊரே கூடி அழுதது, அப்பா மார்பில் அடித்துக்கொண்டார், எழுதியவர் அவளைத் தெய்வமாக்கி முடித்திருந்தார். இதை மட்டும் அக்கா பார்த்தால்? அந்தத் தாள்களைக் கிழித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பொட்டலக் காகிதத்தோடு சேர்த்தேன். சிங்கவரத்து அம்மாள் ஒருத்தி வாங்கிய கடுகிலும் வெந்தயத்திலுமாக அந்தச் சாவு எங்கள் கடைப் படியிறங்கிப் போனது.

“வந்துச்சாடி?” என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

“வர்லக்கா.”

அதற்கு அப்புறம்தான் நைனா அம்மா சொல்லுக்கு இறங்கி, அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொன்னார். அக்கா டிரெயினிங் போனாள், டீச்சரானாள், தானே பார்த்துச் சம்மதித்த ஒருவரைக் கட்டினாள். இப்போது பேரன் பேத்திகள் எடுத்துவிட்டாள். நான் சொன்ன பொய்க்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புடவை எடுக்கும் சாக்கில் அந்தத் தொடர்கதையை வெளியே எடுத்தாள். கடைசித் தாளுக்கு அப்பால் சணல் இன்னும் நீளமாகத் தொங்குகிறது. வரப்போகும் பக்கத்துக்காக அன்று விட்டுவைத்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“வந்துச்சாடி?”

வெளியே கிடந்த புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“இன்னும் வர்லக்கா” என்றேன்.